நிறைவு ஹார்மோனும் ஸ்ரீமகரந்தா கேன்டீனும்

பசியை ஒழிப்பதற்காக அரசாங்கங்கள் ஐந்தாண்டுத் திட்டத்தின் மேல் ஐந்தாண்டுத் திட்டமாகப் போட்டுக் களைத்துக்கொண்டிருந்த காலத்தில், சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அருகே இருந்த ஸ்ரீமகரந்தா பிரிசிஷன் போல்ட்ஸ் லிமிடெட் ஒரே ஒரு சுற்றறிக்கையால் பசியை ஒழித்துவிட்டது. நடந்தது 1993-ல். உலகம் இதைக் கவனிக்காமல் விட்டதற்கு, சுற்றறிக்கையின் சைக்ளோஸ்டைல் பிரதி கொஞ்சம் மங்கலாக விழுந்திருந்ததைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது.

அந்தச் சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் தயாளன். கம்பெனியின் தொழிலாளர் நல அதிகாரி. கிழக்குத் தாம்பரத்தில் வீடு. மனைவி ரத்தினபாய் பள்ளிக்கூட டீச்சர். காலையில் செங்கல்பட்டு லோக்கலில் ஜன்னலோர சீட். நல்ல மனிதர். எவ்வளவு நல்லவர் என்றால், இத்தனை வருட சர்வீஸில் மேலே இருப்பவர்கள் மனம் வருந்தும்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. "எஸ் சார்", "கண்டிப்பா சார்", "நானும் அதையேதான் சார் நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்ற மூன்று வாக்கியங்களிலேயே உத்தியோகத்தை ஓட்டிவிட்டார். 'நலம்' என்ற சொல் பதவியின் பெயரிலேயே இருப்பதால் அதைத் தனியாக வேறு செய்ய வேண்டியதில்லை என்பது அவருடைய கருத்து.

பசி ஒழிப்புக்கு வித்திட்டவர் எம்.டி. அரிகிருஷ்ணன். கடற்கரை ஓரத்து ஹோட்டல் ஒன்றில் 'உணவும் உற்பத்தித் திறனும்' என்று ஒரு கருத்தரங்கம் நடந்தது. அதற்குப் போய்விட்டு அவர் புது மனிதராகத் திரும்பினார். எந்தக் கருத்தரங்கத்துக்குப் போனாலும் அவர் அப்படித்தான் திரும்புவார். போன முறை புது மனிதரானபோது தொழிலாளிகள் எல்லோரும் காலையில் ஜப்பான் இருக்கும் திசையைப் பார்த்துக் குனிந்து நிமிர வேண்டியிருந்தது. அந்தத் திசை எது என்பதில் கருத்து வேறுபாடு வந்ததால்தான் அது நின்றது.

உடனே கூட்டம் கூட்டப்பட்டது. எம்.டி., தயாளன், கேன்டீன் கான்டிராக்டர் சம்பந்தம், வாரத்துக்கு இரண்டு நாள் ஸ்கூட்டரில் வந்து கம்பெனி டிஸ்பென்சரியில் உட்காரும் டாக்டர் பக்தவச்சலம்.

"மிஸ்டர் தயாளன், மத்தியானம் ரெண்டு மணிக்கு நம்ம ஆளுங்க ஏன் தூங்கி வழியறாங்க?"

"சாப்பிட்டதாலதான் சார்."

"எக்ஸாக்ட்லி! என்ன சாப்பிட்டதால?"

"சாப்பாடு சார்."

"சோறு, மிஸ்டர் தயாளன், சோறு!" என்று எம்.டி. எழுந்து கரும்பலகையில் ஒரு மனிதக் குடலை வரைந்தார். அது செங்கல்பட்டு லோக்கலின் பாதையைப் போல வளைந்து வளைந்து போயிற்று. "இங்க பாருங்க. கொழுப்பும் புரதமும் சிறுகுடலோட முனைக்கு வந்ததும் ஒரு ஹார்மோன் கிளம்புது. அது வயித்துக்கிட்ட போய், 'மெதுவா அனுப்பு'ங்குது. மூளைக்கிட்ட போய், 'போதும்'ங்குது. இதுதான் நிறைவு ஹார்மோன். ஆனா சோறு, சர்க்கரை போச்சுன்னா வேற ஹார்மோன்தான் ஓடி வருது. 'போதும்'னு சொல்றதுல அது சோம்பேறி. அதனாலதான் நம்ம ஆளுங்க சோறு சோறுன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. முதல்ல ஒரு கப் கொழுப்பும் புரதமும். அப்புறம் இருபது நிமிஷம் சும்மா இருக்கணும். ஹார்மோன் வந்துடும். அதுக்கப்புறம் தட்டு நிறைய சோறு வச்சாலும் ஆள் பாதியை மிச்சம் வச்சிட்டு எழுந்துடுவான்!"

"நானும் அதையேதான் சார் நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் தயாளன்.

"பாதியை மிச்சம் வைக்கப்போற ஆளுக்கு முழுத்தட்டு எதுக்கு? முதல்லயே பாதித் தட்டு வச்சா போதுமே!" என்றார் எம்.டி.

விஞ்ஞானம் நிர்வாகவியலைச் சந்தித்த அந்தப் புனிதமான நிமிடத்தில் அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டுமே கேட்டது. டாக்டர் பக்தவச்சலம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆராய்ச்சியில சொல்றது கரெக்ட்தான் சார். ஆனா..."

"தேங்க் யூ டாக்டர்" என்றார் எம்.டி.

கூட்டக் குறிப்பில் தயாளன், 'மருத்துவர் ஆமோதித்தார்' என்று எழுதினார். 'ஆனா'வுக்குக் கூட்டக் குறிப்பில் இடம் கொடுக்கும் வழக்கம் இல்லை.

சுற்றறிக்கை மறுநாள் ஒட்டப்பட்டது. பகல் உணவு 'விஞ்ஞான முறைப்படி' மாற்றப்படுவதாகவும், அதிகாரிகளும் முன்மாதிரியாகக் கேன்டீனிலேயே சாப்பிடுவார்கள் என்றும், இந்த முயற்சிக்குத் தொழிலாளர்களின் குடல்கள் முழு ஒத்துழைப்பு நல்கும் என்று நிர்வாகம் நம்புவதாகவும் அதில் கண்டிருந்தது. எம்.டி. மட்டும் வழக்கம்போல் தன் அறையிலேயே வீட்டுக் கேரியரில் சாப்பிட்டார். அவர் ஏற்கெனவே நம்பிவிட்டவர். அவருக்கு நிரூபணம் தேவைப்படவில்லை.

பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதியது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கப் 'முன்னுணவு' கொடுக்கப்பட்டது. பருப்புத் தண்ணீரில் பால் பவுடரைக் கரைத்து, மேலே கடலை எண்ணெய் மிதக்க விட்டிருந்தார் சம்பந்தம். தொழிலாளிகள் முதல் நாளே அதற்கு 'கிரீஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். குடித்துவிட்டு இருபது நிமிடம் ஹார்மோனுக்காகக் காத்திருந்தார்கள். சாப்பாட்டு நேரமே அரை மணிதான். ஆகவே பாதித் தட்டுச் சோறு வந்து சேர்ந்து, குழம்பு ஊற்றி, ரசத்துக்குக் கை நீட்டும்போது மறுபடியும் சங்கு ஊதியது. சோறு பாதியாக இருந்ததன் தீர்க்கதரிசனம் அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கிற்று. முழுத்தட்டாக இருந்தால் சாப்பிட நேரம் ஏது?

எம்.டி. தாமே வந்து வரிசை வரிசையாக நின்று கேட்டார்.

"போதுமா?"

"போதும் சார்."

"உனக்கு?"

"போதும் சார்."

கம்பெனியின் எம்.டி. சட்டை உரசும் தூரத்தில் நின்றுகொண்டு கேட்டால், எப்பேர்ப்பட்ட குடலிலும் ஹார்மோன் பீறிட்டுக்கொண்டு வந்துவிடும் என்பதை அந்தக் கருத்தரங்கத்தில்கூட யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை. தொழிற்சங்கச் செயலாளர் சவுரிமுத்து மட்டும் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எனக்குப் போதும் சார். சங்கத்துக்குப் போதாது."

கடைசி வரிசையில் பச்சையம்மா உட்கார்ந்திருந்தாள். பேக்கிங் செக்‌ஷன். போல்ட் நிரப்பிய மரப்பெட்டிகளை நாள் முழுக்கத் தூக்கி அடுக்குகிறவள்.

"போதாது சார். பசிக்குது."

எம்.டி.க்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று தயாளனுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. விழுந்திருந்தது.

"எப்படிம்மா பசிக்கும்? ஹார்மோன் வந்தாச்சே!"

"யாரு சார் வந்தது? நான் பாக்கலியே."

யாரோ சிரித்தார்கள். எம்.டி. சிரிக்கவில்லை. அவர் அவளை ஆழ்ந்த அனுதாபத்தோடு பார்த்தார்.

"மிஸ்டர் தயாளன், இது பசியில்ல. டெஃபிஷியன்சி. இந்த லேடிக்கு ஹார்மோன் சுரக்கலை. டாக்டர்கிட்ட அனுப்புங்க."

"கண்டிப்பா சார்."

தயாளன் தன் மேஜையில் உட்கார்ந்து, 'நிறைவு ஹார்மோன் குறைபாடு' என்று தலைப்பிட்டு ஒரு மெமோ தயாரித்து, தானே கொண்டுபோய்க் கொடுத்தார். பச்சையம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா சார் எழுதிகீது இதுல?"

"ஒண்ணுமில்லம்மா. உடம்புக்கு ஒரு செக்-அப்."

"பசிக்குதுன்னு சொன்னேனே, அது எழுதிகீதா?"

"அது... அப்படியெல்லாம் எழுதறதில்லம்மா."

அவள் மெமோவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த பெட்டியைத் தூக்கினாள். அவர் திரும்பி வந்துவிட்டார். வரும் வழியில் அவருடைய வயிறு ஒரு முறை உறுமியது. அதைத் தாண்டி இரண்டு எட்டு வேகமாக நடந்தார்.

தயாளனுக்கும் பசித்தது என்பதை இங்கே வருத்தத்தோடு தெரிவிக்க வேண்டியிருக்கிறது. முன்மாதிரி அதிகாரியாக அவரும் தினமும் கிரீஸ் குடித்தார்; இருபது நிமிடம் கண்ணை மூடிக் காத்திருந்தார். பிற்பகல் மூன்று மணிக்கு ஃபைலில் உள்ள எழுத்தெல்லாம் இட்லி இட்லியாகத் தெரிந்தது. மாலை ரயிலில் கூடுவாஞ்சேரியில் வேர்க்கடலைக்காரன் ஏறினால், பெருங்களத்தூர் வருவதற்குள் பொட்டலம் பொட்டலமாகத் தீர்த்துவிடுவார்.

"என்னங்க இது?" என்றாள் ரத்தினபாய் ஒரு நாள் சாயங்காலம், குக்கரைக் கவிழ்த்துக் காட்டி. "மூணு பேருக்கு வச்சது. பையன் இன்னும் டியூஷன்லேர்ந்து வரவே இல்லை."

"ஆஃபீஸ்ல சாப்பாடு ரொம்ப சயன்டிஃபிக்கா இருக்கு, ரத்தினம்."

"பத்தலைன்னா அங்கயே சொல்றதுதானே?"

"நான் எப்படிச் சொல்றது? நான் நல அதிகாரி. எனக்கே பசிக்குதுன்னா திட்டம் என்னாவறது?"

"நீங்க திட்டத்துக்கு அதிகாரியா, ஆளுங்களுக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் மறுபடியும் அரிசி களையப் போனாள்.

இதற்கிடையில் சங்கமும் சும்மா இருக்கவில்லை. வாயிற்கூட்டம் போட்டது. சவுரிமுத்து ஒரு ஸ்டூலின் மேல் ஏறி முழங்கினார்.

"தோழர்களே! இத்தினி நாளா நம்ம கையி, காலுலதான் வேலை வாங்கினு இருந்தான். இப்ப குடலுக்குள்ளயே பூந்துகினான்! ஹார்மோனு யாருது? தொழிலாளியோடது! அத்தை சுரக்கச் சொல்றது யாரு? நிர்வாகம்! அப்ப சுரக்கறதுக்குக் கூலி எங்க? குடு, ஹார்மோன் படி!"

"குடு, ஹார்மோன் படி!" என்றது கூட்டம்.

முன்னால் நின்றிருந்த பச்சையம்மா கையை உயர்த்தினாள். "அண்ணா, சோறு கேளுங்கண்ணா."

"சோறு சின்ன விசயம் தங்கச்சி. நாம கொள்கை பேசினுகிறோம். பேஜார் பண்ணாத."

நிர்வாகம், சங்கம் இரண்டுமே சோற்றைவிட உயர்ந்த விஷயத்தில் கவனமாக இருந்ததால் தொழில் அமைதி சிறப்பாக நிலவியது. பச்சையம்மாவைப் பரிசோதித்த டாக்டர், 'ஓய்வும் ஊட்டமும் தேவை' என்று எழுதி அனுப்பினார். தயாளன் அதை ஃபைலில் கோத்தார்.

அப்போதுதான் ஜெர்மன்காரர் வந்தார். கூட்டு ஒப்பந்தம் செய்ய வந்தவர். ஆறடி உயரம், சிவந்த முகம், எதைக் கண்டாலும் சந்தோஷப்படும் சுபாவம். மெஷின்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்; தோட்டத்துச் செம்பருத்தியைப் பார்த்தும் அதே அளவு சந்தோஷப்பட்டார். எம்.டி. அவரைக் கேன்டீனுக்கு அழைத்து வந்து, கொழுப்பு, புரதம், நிறைவு ஹார்மோன் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளக்கினார். சாப்பிட்டவர்கள் யாராவது ஒருவர் இதைப் பற்றிப் பேசிக் கேட்க ஆசை என்றார் ஜெர்மன்காரர்.

எம்.டி. கண்களால் கேன்டீனைத் துழாவினார். சவுரிமுத்து ஆபத்து. பச்சையம்மா நோயாளி. கம்பெனியிலேயே மிகப் பத்திரமான மனிதர் மூன்றாவது பெஞ்சில் காலிக் கப்போடு உட்கார்ந்திருந்தார்.

"மிஸ்டர் தயாளன்! எழுந்திருங்க. தமிழ்லயே சொல்லுங்க, நேச்சுரலா இருக்கும். நான் டிரான்ஸ்லேட் பண்றேன்."

தயாளன் எழுந்தார். அவருடைய மூன்று வாக்கியங்களும் தொண்டைக்கு வந்து வரிசையில் நின்றன. பேசுவதற்கு முன் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். ஒருவர்கூட அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. பச்சையம்மா தட்டை வழித்துக்கொண்டிருந்தாள். கோபமாக இருந்திருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் என்ன சொல்வார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். மழை வரும் என்று தெரிந்தவர்கள் வானத்தைப் பார்ப்பதில்லையே, அந்த மாதிரி இருந்தார்கள். அது அவருக்கு எங்கேயோ சுருக்கென்றது.

"பசிக்குது சார்."

சொன்னது யார் என்று தயாளனே ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

இருநூறு தலைகள் நிமிர்ந்தன. எம்.டி.யின் முகத்தில் புன்னகை அப்படியே உறைந்து நின்றது; ஆனால் அவர் நிர்வாகி. கண நேரத்தில் ஜெர்மன்காரர் பக்கம் திரும்பி, "மிகவும் திருப்தியாக இருக்கிறதாம்" என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

ஜெர்மன்காரர் மெய்சிலிர்த்துப்போனார். இவ்வளவு சின்னச் சொல்லில் அத்தனை திருப்தியா! அந்தச் சொல்லை அவர் கற்றுக்கொள்ள விரும்பினார். தயாளனிடமே வந்து வாயைப் பார்த்து இரண்டு முறை சொல்லிப் பழகினார். பிறகு எம்.டி. தடுப்பதற்குள் பெஞ்சு பெஞ்சாகப் போக ஆரம்பித்துவிட்டார்.

"பஸிக்குது?" என்று கட்டைவிரலை உயர்த்திக் கேட்டார் முதல் பெஞ்சில்.

அங்கே இருந்தவன் எம்.டி.யைப் பார்த்தான், ஜெர்மன்காரரைப் பார்த்தான். "பசிக்குது சார்!" என்றான்.

"பஸிக்குது?"

"ரொம்பப் பசிக்குது சார்!"

"பஸிக்குது?"

"காத்தாலேர்ந்து பசிக்குது சார்!" என்றாள் பச்சையம்மா. அவருக்குக் கையும் கொடுத்தாள்.

கேன்டீன் முழுக்க அது பரவிவிட்டது. தட்டைத் தட்டிக்கொண்டு, பெஞ்சைத் தட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, எல்லோரும் "பசிக்குது, பசிக்குது" என்றார்கள். ஜெர்மன்காரர் நடுவில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டி இசைக்குழுவைப் போல நடத்தினார். இவ்வளவு திருப்தியான தொழிலாளர்களைத் தம் ஊரில்கூடக் கண்டதில்லை என்று எம்.டி.யின் முதுகில் தட்டினார். அன்று மாலையே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

வண்டி கேட்டைத் தாண்டியதும் எம்.டி. தயாளனை அறைக்குக் கூப்பிட்டார். யாரையும் தண்டிக்க முடியவில்லை. ஒப்பந்தத்தின் முன்னுரையிலேயே 'பசிக்குது' என்றால் திருப்தி என்று ஜெர்மன்காரர் எழுதவைத்துவிட்டிருந்தார்.

"நீங்களுமா, மிஸ்டர் தயாளன்?" என்று எம்.டி. கேட்டபோது அவர் குரலில் கோபத்தைவிடத் துயரம்தான் அதிகம். "விஞ்ஞானம் பொய் சொல்லாது. அப்போ இருநூறு பேருக்கும் டெஃபிஷியன்சி. இது ஒரு எபிடெமிக். எல்லாரையும் டாக்டர்கிட்ட அனுப்புங்க. முதல்ல நீங்க போங்க."

டிஸ்பென்சரியில் டாக்டர் பக்தவச்சலம், "நாக்கை நீட்டுங்க" என்றார். பார்த்தார். "நல்லா இருக்கு. உபயோகப்படுத்தவும் ஆரம்பிச்சிட்டீங்களாமே?"

தயாளன் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். "டாக்டர், அந்த ஹார்மோன் நிஜமா, பொய்யா?"

"நிஜம்தான். கொழுப்பும் புரதமும் போனா ஹார்மோன் வரும். வயிறு மெதுவாத்தான் காலியாகும். ஆனா மெதுவா காலியாகறதுக்கு உள்ள ஏதாவது இருக்கணுமா இல்லையா? பெட்டி தூக்கற உடம்பு. ஒரு கப் எண்ணெய்த் தண்ணியும் ஒரு பிடி சோறும் எத்தனை நேரத்துக்குத் தாங்கும்? இதைத்தான் அன்னிக்கு மீட்டிங்ல சொல்ல வந்தேன்."

"இதை எம்.டி. கிட்டச் சொல்லக் கூடாதா?"

"நீங்க மினிட்ஸ்ல எழுதக் கூடாதா?"

வெளியே வராந்தாவில் நோயாளிகள் வரிசையாக வந்து நின்றுகொண்டிருந்தார்கள். முதலில் பச்சையம்மா.

டாக்டர் பேனாவைத் திறந்தார். "பசின்னு அனுப்பியிருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. வியாதின்னு எழுத்து மூலமா அனுப்பியிருக்காங்க. வியாதிக்கு மருந்து எழுத எனக்கு அதிகாரம் இருக்கு." எழுதித் தயாளனிடம் நீட்டினார்.

'சோறு. தினம் ஒரு வேளை. தட்டு நிறைய. சாப்பாட்டுக்குப் பின்.'

தயாளன் அந்தச் சீட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு, உத்தியோகத்தில் சேர்ந்த நாளாக முதன்முறையாக, யாரும் சொல்லாமலே ஒரு காரியம் செய்தார். மேஜைக்குப் போய், 'குறைபாடு உள்ளவர்களுக்கு மருத்துவ அன்னம் வழங்கும் திட்டம்' என்று ஒரு குறிப்பு தயாரித்து எம்.டி. முன்னால் வைத்தார். செலவைக் கேன்டீன் கணக்கில் சேர்க்காமல் மருத்துவக் கணக்கில் சேர்த்திருந்தார்.

எம்.டி. படித்தார். "சோத்தைத் திரும்பக் கொண்டுவரலையே?"

"இல்ல சார். கேன்டீன்ல பழையபடி பாதித் தட்டுதான். இது ட்ரீட்மென்ட்."

"பசிக்கு எங்கயும் இடம் குடுக்கலையே?"

"குறிப்பு முழுக்கத் தேடினாலும் அந்த வார்த்தை கிடைக்காது சார்."

எம்.டி. நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார். மறுநாளிலிருந்து சம்பந்தத்தின் ஆட்கள் ஆவி பறக்கும் அன்னக்கூடையைக் கேன்டீனிலிருந்து டிஸ்பென்சரி ஜன்னலுக்குச் சுமந்துகொண்டு போனார்கள். தொழிலாளிகள் கிரீஸ் குடித்து, ஹார்மோனுக்குக் காத்திருந்து, பாதித் தட்டுச் சாப்பிட்டு, பிறகு சீட்டைக் காட்டி மருந்து வாங்கிச் சாப்பிட்டார்கள். மருந்துக்குக் குழம்பும் உண்டு. மருந்து உட்கொள்ளச் சாப்பாட்டு நேரம் போதாததால் 'சிகிச்சை நேரம்' என்று தனியாக அரை மணி அனுமதிக்கப்பட்டது. சவுரிமுத்து இதைச் சங்கத்தின் மகத்தான வெற்றி என்று அறிவித்துவிட்டு, முதல் சீட்டில் மருந்து வாங்கினார்.

அடுத்த வருடம், தொழிலாளர் மருத்துவ நலனுக்கு அந்த வட்டாரத்திலேயே அதிகம் செலவழித்த கம்பெனி என்று ஸ்ரீமகரந்தாவுக்கு ஒரு கேடயம் கிடைத்தது. கம்பெனி மைதானத்தில் ஷாமியானா போட்டு விழா எடுத்தார்கள். நோயாளிகள் எல்லோரும் முன்வரிசைகளில் உட்காரவைக்கப்பட்டார்கள். தயாளன் மேடைக்கு வராமல் அவர்களோடு உட்கார்ந்துகொண்டார். சட்டைப் பையில் அவருடைய சீட்டும் இருந்தது.

விழாத் தலைவராக வந்திருந்தவர் வயதானவர், இரக்க சுபாவம். பச்சையம்மாவை மேடைக்கு அழைத்தார்.

"இப்ப எப்படிம்மா இருக்கு வியாதி?"

"சாப்ட்டா நின்னுடுது சார். மறுநா மத்தியானம் திரும்ப வந்துடுது."

கூட்டம் கைதட்டியது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இவ்வளவு பேரையும் பிடிச்சிருக்கிற வியாதி..." என்று எம்.டி. பக்கம் திரும்பிக் கவலையோடு கேட்டார், "மேல இருக்கிறவங்களுக்கு, உங்களுக்கெல்லாம், இது தொத்தலையா?"

மைக் இன்னும் அணைக்கப்படவில்லை. அரிகிருஷ்ணன் பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்களுக்கு எப்படி சார் வரும்? நாங்கதான் வேளாவேளைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுடறோமே!"